சிங்கப்பூருக்கு ஓர் ஆள்

"அந்த பைலில மட்டும் கை வைக்காதையும், நேசமலர். என்னைத் தவிர ஆர் தொட்டாலும் சைட் படுத்திடும்!"

றேமண்ட் அதைப் பெருமையாகத்தான் சொன்னான். வெளிநாட்டிலிருப்பவர்கள் பணம் கட்டி, கொழும்பிலுள்ள உறவுகளுக்குக் கேக்கும் பூவும் அனுப்புகிற இணையத்தளம் அது. பணம் வாங்கும் பகுதியின் நிரல் முழுவதையும் அவன் ஒரே பைலில், வேறு எவருக்கும் விளங்காதபடி எழுதி வைத்திருந்தான். மற்றப் பகுதி நேசமலருடையது.

2007ஆம் ஆண்டு, போர்க்காலம். வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் அலுவலகம். முதலாளி பௌஸி சிங்கப்பூரில் கிளை திறக்கிறார். இருவரில் ஒருவருக்குத்தான் அங்கே இடம். சோதனைச் சாவடியும் சுற்றிவளைப்பும் இல்லாத ஊர். இருவருக்குமே அது வேண்டும். முடிவை இன்று பின்னேரம் சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

"இவ்வளவு நாளா என்னத்தைத்தான் வெட்டி வெட்டி ஒட்டுறீர்?" றேமண்ட் அவளுடைய திரையை எட்டிப் பார்த்தான்.

"கோட் முழுக்கக் கிளாஸ் கிளாஸா, தனித்தனிப் பெட்டி மாதிரிப் பிரிக்கிறன், அண்ணா. கேக் சம்பந்தப்பட்டதெல்லாம் ஒரு கிளாஸுக்குள்ள. டெலிவரிக்கு இன்னொண்டு. டெலிவரிக் கட்டணம் கூடினா அங்க மட்டும் மாத்தினாக் காணும். நேற்று ஜவாஹிறாவே மாத்திப்போட்டா."

"போன் எடுக்கிற ஜவாஹிறாவோ?" றேமண்ட் கதிரையில் சாய்ந்து சிரித்தான். "அவவே செய்யலாமெண்டா உமக்கு இங்க என்ன வேலை?"

"அதுதானே!" என்று அவளும் சிரித்தாள்.

பாவம், போட்டியே தெரியாத பிள்ளை என்று நினைத்துக்கொண்டான். கொட்டாஞ்சேனை வீட்டில் அவனுடைய அம்மா காலையிலேயே அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேஸை இறக்கித் துடைத்துவிட்டாள்.

ஐந்து மணிக்கு முதலாளி இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் கெட்டிக்காரர்தான். ஆனா உண்மையச் செல்லணும். றேமண்ட் இல்லாட்டி இந்த சைட் ஒரு நாளும் ஓடாது."

றேமண்ட் நிமிர்ந்து உட்கார்ந்தான். நேசமலரின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"அதனாலதான் ஒங்கள எங்கயும் அனுப்ப ஏலா, றேமண்ட். நேசமலர்ட வேலய ஜவாஹிறா பாத்துக்கொள்ளுவா." பௌஸி அவள் பக்கம் திரும்பினார். "மகள், பாஸ்போட்டக் கொண்டு வந்து தாங்க."

நேசமலர் கைப்பையைத் திறந்து அதை அப்போதே எடுத்து நீட்டினாள். விசாவுக்கு வேண்டிய படங்களும் அதற்குள்ளேயே இருந்தன.