புத்தகம் படித்த கை

"கையைப் பாக்கெட்டுல விட்டுட்டு நிக்கிறாரே, வேலை கேட்டு வந்தவரா, வேடிக்கை பாக்க வந்தவரா?"

தம்பி கிசுகிசுத்ததை அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களைப் பழுது பார்க்கும் அந்தப் பட்டறை அவளுடையது. மெக்கானிக் தேவை என்று கதவில் எழுதி ஒட்டி இரண்டு மாதம் ஆகிறது. இதுவரை வந்தவர்கள் கண்ணாடி வால்வைப் பார்த்து, "பல்பு ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள்.

இவருக்கு நாற்பது வயது இருக்கும். நீளமான கோட்டு. இடது கை கோட்டுப் பாக்கெட்டில், வலது கையில் ஒரு தடித்த புத்தகம்.

"சர்டிபிகேட் ஏதாவது இருக்கா?"

"இல்லைங்க மேடம். இதுதான் இருக்கு."

புத்தகத்தை மேசையில் வைத்தார். வால்வு ஆம்ப்ளிஃபயர் எப்படி வேலை செய்கிறது, எப்படிப் பழுது பார்ப்பது என்று சொல்லும் புத்தகம். பழைய அட்டை போய், காலண்டர் அட்டை ஒட்டியிருந்தது. பக்கமெல்லாம் சூடு பட்ட புள்ளிகள், ஓரமெல்லாம் பென்சில் கணக்கு. அதே புத்தகம் அக்காவின் அலமாரியிலும் இருந்தது, புதுக்கருக்கு கலையாமல். அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

"எங்க வாங்கினீங்க?"

"எடைக்குப் போட்ட கட்டுல கிடந்துதுங்க. சும்மா புரட்டினேன். நின்ன நிலையிலேயே அறுபது பக்கம் படிச்சிட்டேன். வாங்கிட்டுப் போய் உக்காந்து படிங்க சார்னு கடைக்காரர் கெஞ்சினார். பதினோரு வருஷம் ஆச்சு. இதுல இருக்கற ஒவ்வொரு சர்க்யூட்டையும் வீட்டு மேசையில செஞ்சு பாத்துட்டேன்."

"வேற எங்கயும் வேலை பாக்கலையா?"

"ஆறு இடத்துல கேட்டேன். செஞ்சு காட்டவே விடலைங்க. எனக்கு இந்த வேலை வேணும் மேடம். ஒரு தடவை தொட விடுங்க, போதும்."

அக்கா பக்கத்து மேசையைக் காட்டினாள். அங்கே ஓர் ஆம்ப்ளிஃபயர் வயிற்றைத் திறந்துகொண்டு குப்புறக் கிடந்தது.

"பாட்டு கரகரங்குது. கடைசி வால்வு செக்கச்செவேல்னு சூடாகுது. தம்பி ரெண்டு தடவை வால்வு மாத்தினான், ரெண்டும் போச்சு. என்னன்னு கண்டுபிடிச்சுச் சரிபண்ணுங்க. வேலை உங்களுக்குத்தான்."

அவர் மின்சாரம் இல்லாதபோதே மேசையிலிருந்த வோல்ட் மீட்டரின் கறுப்பு ஒயரைக் கிளிப்போடு இரும்புச் சட்டத்தில் கவ்வவிட்டார். பிறகுதான் சுவிட்சைப் போட்டார். சிவப்பு முனையை வலது கையில் பிடித்து, ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்தார். இடது கை அசையவே இல்லை.

"ஏதோ பார்க்குல நிக்கிற மாதிரி என்ன ஒரு அலட்சியம் பாருக்கா."

"அலட்சியம் இல்லடா, ஒழுக்கம்," என்றாள் அக்கா. "உள்ள நானூறு வோல்ட் ஓடுது. ஒரு கையில ஏறி இன்னொரு கையில இறங்கினா, நடுவுல நெஞ்சு மாட்டிக்கும். அதான் ஒரு கை பாக்கெட்டுல இருக்கட்டும்னு அந்தப் புத்தகத்துல கட்டம் கட்டிப் போட்டிருக்கு. நீ படிச்சிருந்தா போன மாசம் சுவத்துல போய் ஒட்டியிருக்க மாட்ட."

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டான்.

"மேடம், இங்க பாருங்க." அவர் முகத்தில் குழந்தையின் குதூகலம். "முதல் வால்வுல இருந்து அடுத்த வால்வுக்குப் பாட்டு மட்டும்தான் போகணும், வோல்ட் போகக் கூடாது. நடுவுல வாட்ச்மேன் மாதிரி இந்தக் கெப்பாசிட்டர். வாட்ச்மேன் தூங்கிட்டார். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்துல பன்னெண்டு வோல்ட் காட்டுது. வால்வு மேல தப்பே இல்லை."

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டது மூன்று நிமிடத்தில் முடிந்தது.

அவர் சுவிட்சை அணைத்தார். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து மீட்டர் பூஜ்யத்துக்கு வரும் வரை காத்திருந்தார். பழையதை எடுத்துவிட்டு, புதுக் கெப்பாசிட்டரின் காலைக் கொக்கியாக வளைத்து மாட்டினார். ஈயச் சுருளை மேசையில் நிறுத்தி, அதன் நுனியை இணைப்பின் மேல் குனிய வைத்து, சூட்டுக்கோலால் ஒரு தொடல். ஈயம் உருகி, பனித்துளிபோல் உருண்டு நின்றது.

"அணைச்சப்புறம் ரெண்டு கையையும் போடலாமே?" என்றாள் அக்கா.

"பழகிடுச்சுங்க."

அவள் தம்பியைப் பார்த்த பார்வையில் ஒரு முழு வகுப்பே இருந்தது.

புது வால்வைச் செருகிச் சுவிட்சைப் போட்டதும் பாட்டு கண்ணாடிபோல் தெளிந்து வந்தது. வால்வு மங்கலாக, நிதானமாக எரிந்தது. தம்பிகூடத் தலையாட்டினான்.

"நாளையிலிருந்து வந்துடுங்க," என்றாள் அக்கா. "இந்த மாதிரி ஒரு கட்டுப்பாட்டை நான் யார்கிட்டயும் பாத்ததில்லை. எங்கிட்டயே இல்லை. எழுதியே தரேன், வேலை உங்களுக்கு."

அவர் சுவிட்சை அணைத்துவிட்டு, அவள் எழுதி முடிக்கும் வரை காத்திருந்தார். கடிதத்தை வாங்கிப் படித்து, புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்தார்.

"சரி, ஆறிடுச்சு. அதைத் தூக்கி அந்த அலமாரியில வச்சிடுங்க. பாத்து, டிரான்ஸ்ஃபார்மர் கனம் கனக்கும். இப்பவாவது அந்தக் கையை வெளியே எடுங்க சார்," என்று சிரித்தாள்.

அவர் ஒரு கணம் நின்றார். பிறகு இடது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, ஆம்ப்ளிஃபயரின் அடியில் கொடுத்து, மார்போடு அணைத்துத் தூக்கினார். அந்தக் கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

"போன இடமெல்லாம் ரெண்டு கை வேணும்னாங்க மேடம்," என்றார். "ஒரு கை போதும்னு சொன்னது இந்தப் புத்தகம் மட்டும்தான்."