சலிக்காத கை

"அந்தக் கைக்காரி யாருன்னு மட்டும் சொல்லு. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சங்கரம்மாள் கேட்டுவிட்டாள். சாத்தான்குளத்தில் பஸ் ஏறி, தூத்துக்குடி வெயிலில் இறங்கி, இரண்டு மாடி ஏறி வந்த மூச்சிரைப்பு இன்னும் அடங்கவில்லை.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பிரியா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "எந்தக் கை, அத்தை?"

"அத்தை கித்தைன்னு கூப்பிடாத. அது இன்னும் முடிவாகல."

"சரி, அத்தை."

சங்கரம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று மகன் பாலகணேஷ் ஒற்றைக்காலில் நிற்கிறான். இரண்டு பேருக்கும் இதே ஆபீஸ்தான். அவன் இங்கே மானேஜர் என்று வீட்டில் சொல்லியிருந்தான். இவளுக்கு என்ன வேலை என்றால், 'இதைச் செய்வது எப்படி' என்று இணையத்தில் சொல்லிக்கொடுப்பவர்களுக்குக் குட்டிக் குட்டி அசையும் படங்கள் செய்து கொடுப்பது. ஜிஃப் என்பார்கள். மூன்று நொடி ஓடும். முடிந்ததும் தானாகவே முதலிலிருந்து மறுபடி ஓடும்.

இந்தக் கடைசி விஷயத்தைச் சங்கரம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை.

"இந்தா, இந்தக் கை." செல்போனை பிரியாவின் மூக்குக்கு நேராக நீட்டினாள். திரையில், கண்ணாடி வளையல் போட்ட இரண்டு கைகள் கணவாய் மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தன. முகம் கிடையாது, கை மட்டும்தான். ஓரத்தில் இந்த ஆபீஸின் பெயர்.

"நேத்துச் சாயங்காலம் பாத்தேன், ஆஞ்சுக்கிட்டு இருந்தா. விளக்கேத்திட்டு வந்து பாத்தேன், ஆஞ்சுக்கிட்டு இருந்தா. காலையில எந்திரிச்சுப் பாக்கேன், அப்பவும் ஆயுதா! ஒரு சலிப்பு உண்டா? எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு வேலைன்னு ஒரு வார்த்தை கேக்காளா?"

"அத்தை, அதுல சத்தம் வராது. அது வந்து..."

"அதைத்தான் நானும் சொல்லுதேன். வாயே கிடையாது! மருமவள்னா இப்படில்லா இருக்கணும்."

பிரியா விளக்கம் சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, உள்ளறைக் கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"நீ மீன் ஆய்வியா?" என்று சங்கரம்மாள் கேட்டாள்.

"மாட்டேன்."

"புளிக்குழம்பு?"

"வச்சுக் குடுத்தா நல்லாப் படம் எடுப்பேன்."

"ஏளா, ஒரு பொய்யாவது சொல்லக்கூடாதா?" சங்கரம்மாளுக்கு நிஜமாகவே மனசு விட்டுப்போனது. "எம் மவன் ராசா மாதிரி வளந்தவன். இன்னைத் தேதி வரைக்கும் ஒரு டம்ளர் கழுவுனது கிடையாது. அடுப்படிப் பக்கம் வந்தான்னா காலை ஒடிச்சிருவேன்னு சொல்லி வளத்திருக்கேன். நாளைக்கு நான் கண்ணை மூடிட்டா அவனுக்கு யாரு சோறு போடுவா?"

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். மகன் பசியோடு இருப்பான் என்ற நினைப்பு அவளுக்கு எப்போதுமே தாங்காது.

"அவனும் முன்ன மாதிரி இல்ல. இந்த வேக்காட்டுலயும் வீட்டுக்குள்ளேயே முழுக்கைச் சட்டையை மாட்டிக்கிட்டு அலையுதான். கழட்டுலேன்னா எரிஞ்சு விழுதான். எல்லாம் ஒன் கவலைதான்."

"இருக்கும்," என்றாள் பிரியா.

"இன்னைக்கு அவனுக்குக் காயல்பட்டினத்துல வேலையாம். அவன் வாரதுக்குள்ள இதை முடிச்சிரணும். யாரு அந்தப் பிள்ள?"

"அந்தக் கையைக் காட்டுனா சம்மதிச்சிருவீங்களா? பிறகு மாறக் கூடாது."

"செந்தூராண்டவன் சத்தியமாச் சொல்லுதேன். அழகு வேண்டாம், நகைநட்டு வேண்டாம். அந்தக் கை என் வீட்டு அடுப்படிக்கு வரணும், அவ்வளவுதான்."

"அது வந்துட்டா, எனக்குச் சமைக்கத் தெரியாதது ஒரு குத்தமில்லல்லா?"

"நீ சமைச்சா என்ன, சமைக்காட்டா எனக்கென்ன?"

"இது போதும் அத்தை," என்று பிரியா எழுந்தாள். "உள்ள ஷூட்டிங் நடக்கு. வாங்க."

உள்ளறையில் ஒரு மேஜை. அதன் மேல் விளக்கு, ஸ்டாண்டில் கேமரா, ஒரு கிண்ணத்தில் தண்ணீர். மேஜைக்குப் பின்னால் கூரையிலிருந்து தரை வரை கறுப்புத் துணி. துணியில் இருந்த இரண்டு ஓட்டைகள் வழியாக அந்தக் கைகள் வெளியே வந்திருந்தன. அதே சிவப்புக் கண்ணாடி வளையல். இன்றைக்குச் சீலா மீன்.

"அம்மாடி!" என்றாள் சங்கரம்மாள்.

கத்தி அப்படியே நின்றது.

"பாத்தியா, பெரியவங்க வந்ததும் வெக்கப்படுதா." சங்கரம்மாளுக்கு மனசு நிறைந்துவிட்டது. கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். துண்டுகள் ஒரே அளவில் இருந்தன. "முழங்கை வரைக்கும் ஒரு முடி இல்ல, கை மட்டும் கொஞ்சம் முரடு. இருக்கட்டும், உழைக்கிற கைன்னா அப்படித்தான் இருக்கும்."

"முகத்தைப் பாக்கலையா?" என்று பிரியா கேட்டாள்.

"முகத்தை வச்சு என்ன செய்ய? பேரு, ஊரெல்லாம் சாவகாசமாக் கேட்டுக்கிடுதேன். முதல்ல இதைப் போட்டிருதேன். வேற எவளும் கொத்திக்கிட்டுப் போயிரக் கூடாது பாரு."

இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து தங்க வளையல் ஒன்றை எடுத்தாள். மருமகளுக்கென்று இத்தனை வருஷம் பூட்டி வைத்திருந்தது. கத்தியைப் பிடுங்கி வைத்துவிட்டு, அந்தக் கையைக் கிண்ணத்தில் முக்கிக் கழுவினாள். கை பின்னால் போகப் பார்த்தது. சங்கரம்மாளா விடுவாள்? இறுக்கிப் பிடித்து வளையலை நுழைத்தாள். அது பெருவிரல் முட்டியில் சிக்கிக்கொண்டது. செந்தூராண்டவனை நினைத்துக்கொண்டு ஒரு அழுத்து அழுத்தினாள்.

"எம்மா, மெதுவா! வலிக்குல்லா," என்றது கறுப்புத் துணிக்குப் பின்னாலிருந்து பாலகணேஷின் குரல்.

பிரியா கேமராவை நிறுத்திவிட்டு, அந்த வளையலுக்குத் தன் கையை நீட்டினாள்.