எல்லாரும் பாஸ்

"பாஞ்சாலி, ஃபெயில்."

லூர்துமேரி டீச்சர் படித்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

தலைமை ஆசிரியர் விருத்தாசலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அஞ்சாம் வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற பெண்ணாயிற்றே! இன்ஸ்பெக்டர் வந்து கேட்ட கணக்குக்கெல்லாம் சிலேட்டைத் தொடாமலே பதில் சொல்லி அந்த மனுஷனையே அசர வைத்தவள்.

கோடை விடுமுறைக்கு முன் கடைசி நாள். திண்டிவனத்துக்குக் கிழக்கே இருந்த அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் வேப்பமரத்தடியில் பெற்றோரெல்லாம் கூடியிருந்தார்கள். அந்த வருஷம் பட்ட பாட்டை விருத்தாசலம் அப்போதுதான் உருகி உருகிப் பேசி முடித்திருந்தார். ஐப்பசிப் புயலில் கூரை பறந்தது, பொங்கல் வரைக்கும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை அடுக்கும் கொட்டகையில் பாடம் நடந்தது, மாசியில் அம்மை வந்து பள்ளிக்கூடத்தையே பூட்ட வைத்தது என்று ஒன்றையும் விடவில்லை.

"இத்தனை கஷ்டத்திலயும் இந்த வருஷம் நம்ம பள்ளிக்கூடத்துல எல்லாரும் பாஸ்!" என்று அவர் முடித்தபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

மனுஷன் ரிசல்ட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேசியிருக்கலாம்.

பாஞ்சாலியின் அப்பா அரங்கநாதன் எழுந்தார். பாடம் நடத்தக் கொட்டகை கொடுத்தவரே அவர்தான்.

"இன்னா டீச்சர் இது? எம் பொண்ணா ஃபெயிலு?"

"ஆமாங்க. கணக்குல மார்க் போதல."

"அஞ்சாவது பாஸு பண்ண பொண்ணுதான் வேணும்னு மாப்ள கறாரா சொல்லிட்டாருங்க. விழுப்புரத்துல ரயில்வே உத்தியோகம். வைகாசில கல்யாணம்னு பேசிக்கினு வந்துட்டேன். இப்ப இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு அங்க போவேன்?"



அதற்குள் பெண்கள் பக்கமிருந்து பாஞ்சாலியின் அம்மா தையல்நாயகி ஆவேசமாக ஓடி வந்தாள். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி டீச்சரின் தலைமேல் வீசினாள்.

"எம் பொண்ணு வாழ்வுல மண்ணப் போட்டியேடி பாவி! நீ நல்லா இருப்பியா? உனக்குத்தான் கல்யாணம் காட்சி இல்ல, எம் பொண்ணுக்கும் வேணாம்னு பாக்கிறியா?"

டீச்சர் மண்ணைத் தட்டிவிடக்கூட இல்லை. பாஞ்சாலி மட்டும் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.

அரங்கநாதன் மனைவியை இழுத்துக்கொண்டு போனார். கூட்டம் கலைந்தது. விருத்தாசலம் டீச்சரைத் தன் அறைக்கு அழைத்தார்.

"பாஞ்சாலி கணக்குல ஃபெயிலா? என்கிட்டயே கதை விடறீங்களா?"

"அவ எல்லாத்தையும் சரியாத்தான் சார் போட்டா. நான்தான் வேணும்னு மார்க்கைக் குறைச்சேன்."

விருத்தாசலம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"வேணும்னா?"

"லேட்டா பள்ளிக்கூடம் சேந்தாலும் அவளுக்குப் பதிமூணு வயசுதான் சார். மாப்பிள்ளைக்கு முப்பத்தஞ்சு. ரெண்டாந்தாரம்."

அவர் ஒரு கணம் திகைத்தார். ஆனால் கைதட்டல் இன்னும் காதிலேயே இருந்தது.

"அது அவங்க குடும்ப விஷயம். பெத்தவளே சபையில மண்ணை வாரித் தூத்திட்டுப் போறா. பெத்தவளுக்கு இல்லாத அக்கறை உங்களுக்கு எதுக்கு?"

டீச்சர் எதையோ சொல்ல வந்து அடக்கிக்கொண்டார்.

"நான் பாஸுன்னு திருத்தப் போறேன். உங்க மேல ரிப்போர்ட்டும் எழுதப் போறேன். உங்க வேலை போனா என்னைக் கேக்காதீங்க."

"எழுதுங்க சார். பாஸுன்னு மட்டும் திருத்தாதீங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

விருத்தாசலம் காதிலேயே வாங்கவில்லை. பேனாவை மைக்கூட்டில் தோய்த்தார்.

பின்பக்கக் கதவு திறந்தது. மூச்சிரைக்க நின்றாள் தையல்நாயகி.

"வா தாயி, வா," என்றார் விருத்தாசலம். "அழாத. இதோ உன் கண்ணெதிர்லயே பாஸுன்னு மாத்திடறேன். கல்யாணத்தை ஜாம் ஜாம்னு நடத்து."

"அய்யய்யோ, சாரு!"

பாய்ந்து வந்து அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள். விருத்தாசலத்தின் வெள்ளைச் சட்டை முழுக்க மை.

"ஏம்மா, உனக்குப் பைத்தியமா?"

அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முந்தானையை எடுத்து டீச்சரின் தலையிலிருந்த மண்ணைத் துடைத்துவிட ஆரம்பித்தாள். டீச்சரின் நெற்றியைத் துடைத்தவளுக்குத் தன் கண்ணீரைத் துடைக்கத் தோன்றவில்லை.

"கண்ணுல பட்டுட்ச்சா டீச்சர்? எங்க வூட்டுக்காரருக்குத் துளி சந்தேகம் வந்தாலும் காரியம் கெட்டுப்பூடும், அதான் வாய்க்கு வந்தபடி கத்திட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க."

"அவர் என்ன சொன்னாரும்மா?"

"இன்னொரு வருசம் படிச்சித் தொலையட்டும்னு சொல்லிட்டாரு!"

வெளியிலிருந்து அரங்கநாதன் வண்டியில் ஏறியபடி குரல் கொடுத்தார். "சிலேட்ட எடுத்தார இம்மா நேரமா? ஜல்தி வா!"

தையல்நாயகி மூலையிலிருந்த பாஞ்சாலியின் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு பின்வாசல்வரை ஓடினாள். அங்கே நின்று, டீச்சரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நான் கேட்டுக்கினபடியே பண்ணிட்டீங்க. அடுத்த வருசமும் எம் பொண்ண ஃபெயிலு பண்ணிடுங்க டீச்சர்!"