லேப் அட்டெண்டர்

சேத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை பஸ்ஸில் நின்றே வந்ததில் சீனியம்மாளுக்குக் கெண்டைக்கால் இழுக்கிறது. கல்லூரிப் பதிவேட்டில் அவள் தரை கூட்டுபவள். எண்பத்து நாலிலிருந்து இந்தத் தொண்ணூறு வரை வேதியியல் லேபில் ஆசிட் கலந்து வைப்பவளும் அவள்தான். நேற்று அட்டெண்டர் வேலைக்கான இன்டர்வியூவில் அவளிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "எந்தத் தெரு?" வேலை, கல்லூரி ஆபீஸ் சூப்பிரண்டின் தெருக்காரனான சேதுபதிக்குப் போய்விட்டது. இப்போது ஜன்னல் வெயிலில் நின்று அவன் ஆசிட்டுக்குள் தண்ணீரை ஊற்றப் போகிறான். அவள் பாய்ந்து அவன் கையைப் பிடிக்கிறாள். "கண்ணு அவிஞ்சிரும்யா! தண்ணிக்குள்ளதான் ஆசிட்ட ஊத்தணும்." வாசலில் நிற்கும் சூப்பிரண்டு முகம் சுளிக்கிறார். "ஏட்டி, தொடாம வாயால சொல்லிக் குடு." "சொல்லிக் குடுக்கேன் சார். பொறவு அவரு எனக்காக வராண்டாவப் பெருக்குவாரா?" சேதுபதி மணிக்கட்டைச் சட்டையில் துடைக்கிறான். ஆறு வருஷமாக அவள் பார்த்துவரும் வேலைக்கான ஆர்டர், கல்லூரி அவளுக்கு இன்னும் தரவேண்டிய பாக்கி.