மச்சான் கொடுத்த எஞ்சின்

கோகுலன் கொடுத்த பழைய படகு எஞ்சின் கரையில் நன்றாக ஓடும். பருத்தித்துறைக் கடலிலோ ஒவ்வொரு முறையும் அதே ஓர் இடத்தில் நின்றுவிடும். கோபிசங்கர் பிளக் மாற்றினான், காபரேற்றரைக் கழுவினான். பயனில்லை. ஒரு காலை மைத்துனன் கோகுலனையே கூட்டிப்போனான். எஞ்சின் அங்கேயே நின்றது. கோகுலனின் முகம் வெளிறியது.

“மச்சான், உது ஆரின்ரை எஞ்சின்?” என்று கோபிசங்கர் கேட்டான்.

“என்ரை அண்ணையின்ரை.”

இதே இடத்தில் படகு கவிழ்ந்து அண்ணன் எஞ்சினோடு மூழ்கிவிட்டார், நான் மட்டும் நீந்தி வந்தேன் என்று முன்பு கோகுலன் அழுதபோது, கோபிசங்கர் அவனைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தான்.

“அப்ப அண்ணையை விட்டிட்டு எஞ்சினைக் கொண்டந்தனியோ?”

கோகுலன் எஞ்சினை விட்டு விலகிப் படகின் முன்பக்கம் நகர்ந்தான்.

கயிற்றை யாரும் இழுக்காமலே எஞ்சின் முழங்கி, படகை ஆழ்கடலுக்குத் திருப்பியது. கோபிசங்கர் எண்ணெய்க் குழாயைப் பிடுங்கினான். எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது.