பனிக்கரடியின் குரல்

"இது பெரியவங்க படம். சின்னப் பசங்களை வெளியில விளையாட அனுப்பிடுங்க" என்றான் ரிஷி.

ஷார்ஜாவில் அந்த பில்டிங்கின் பார்ட்டி ஹால். தமிழ்க் குடும்பங்களெல்லாம் கூடியிருந்தன. அனிமேஷன் படிக்கும் ரிஷியின் முதல் படம், நிறவெறியைக் கிண்டலடிக்கும் கார்ட்டூன்.

அவன் அப்பா சீதாராமனுக்குத் தலைகால் புரியவில்லை.

"எனக்கு வரவேண்டிய மேனேஜர் சீட்டைத் தூக்கி ஒரு வெள்ளைக்காரனுக்குக் கொடுத்தாங்களே, அதுக்கு எம்பையன் பதிலடி கொடுத்திருக்கான்!"

ஜெயபாரதிக்கும் மகனை நினைத்துப் பெருமைதான். அந்த அவமானத்துக்குப் பிறகு கணவர் சரியாகத் தூங்கியதே இல்லை.

திரையில் ஒரு வெள்ளைப் பனிக்கரடி. பக்கத்து ஃபிளாட்டைப் பார்க்க ஒரு கருங்கரடிக் குடும்பம் வந்து நிற்கிறது. பனிக்கரடி போனில் புரோக்கரிடம் எகிறியது.

"ஆளையும் கலரையும் பார்த்தாலே தெரியலையா சார்? இவங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நாங்க எப்படி நிம்மதியா இருக்கறது?"

ஹாலே சிரித்தது. சீதாராமன் கைதட்டினார். "அசல் எங்க ஆபீஸ் வெள்ளைக்காரனேதான்!"

ஜெயபாரதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவள் கணவருடைய குரல்! எதிர் ஃபிளாட்டுக்கு வர இருந்த நைஜீரியக் குடும்பத்துக்கு வீடு தரக்கூடாதென்று போன மாசம் அவர் போனில் பேசிய பேச்சு; ரிஷி அதை அப்படியே ரெக்கார்ட் செய்திருக்கிறான். கைக்குழந்தையோடு வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போனார்கள். தான் அன்றைக்குப் பக்கத்தில் சும்மா நின்றதாகவே அவளுக்கு ஞாபகம்.

ஹாலில் சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. தன் குரல் தனக்கே தெரியாமல் அவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஜெயபாரதி கூனிக்குறுகிப் போனாள். இப்படிப்பட்ட மனுஷனோடா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினோம்!

அதற்குள் திரையில் பெண்கரடி ஒன்று போனைப் பிடுங்கியது.

"அந்தம்மா நர்ஸா இருந்தா என்ன? அவங்க ஏறி இறங்கற லிஃப்ட்ல நாங்களும் போகணுமா? முடியவே முடியாதுன்னு சொல்லி அனுப்புங்க!"

சீதாராமனின் சிரிப்பு சட்டென்று நின்றது. முகம் வெளிறி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள்.

ஜெயபாரதி மகன் பக்கம் குனிந்தாள். "இவருக்கு மேல இருக்காளே! யாருடா இந்தப் பொம்பளை? குரல்லயே இவ்வளவு விஷம்!"

ரிஷி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீதாம்மா."