போடாத சட்டை

அந்தப் பழைய துறைமுக நகரத்தில் அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தேன். கண்ணில் பட்டதையெல்லாம் படமெடுத்துக்கொண்டே மூன்றாவது தெருவுக்குள் நுழைந்தபோது அந்தக் கதவைப் பார்த்தேன். இரண்டு ஆள் உயரம், உடம்பெல்லாம் செதுக்கிய மீன்கள். ஆனால் முன்னால் கட்டியிருந்த கொடியில், தோளில் கிளிப் மாட்டிய ஓர் ஆண் சட்டை கதவை மறைத்துக்கொண்டு தொங்கியது.

“சட்டையக் கொஞ்சம் எடுத்தீங்கன்னா கதவு முழுசாத் தெரியும்” என்று வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

“அது காயட்டும்.” பாதி சாத்திய சன்னலுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல்.

எனக்கு எரிச்சல். “சட்டைக்காரர் இருந்தாக் கூப்பிடுங்க, நான் கேட்டுக்கிறேன்.”

“தைக்கக் குடுத்துட்டுக் கப்பலுக்குப் போனவுக. இன்னும் ஒரு தடவகூடப் போடல. வெள்ளிக்கிழமையானா நான்தான் துவைச்சுப் போடுதேன்.”

அப்போதுதான் கவனித்தேன். காலர் கொஞ்சமும் தேயவில்லை. நீலம் மட்டும் வெயிலில் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. கேமராவை இறக்கிக்கொண்டேன்.

கடல் பக்கமிருந்து காற்று கிளம்பியது. சட்டைக்குள் புகுந்து மார்பை நிரப்பி, தோள்களை விரித்து, இரண்டு கைகளையும் வீட்டைப் பார்த்துத் தூக்கியது.

சன்னல் முழுதாகத் திறந்தது.

“இப்ப எடுங்க தம்பி” என்றாள். “இப்ப எடுங்க.”